ஆட்டுக்கறியில் ஓர் அயல் சர்க்கரை: நியூ5ஜிசி உடலுக்குள் என்ன செய்கிறது?

“கறியில் உள்ள சர்க்கரை புற்றுநோயை உண்டாக்கும்” என்று ஒற்றை வரியில் வரும் செய்தியைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். கறியில் ஏது சர்க்கரை? சர்க்கரை நோயாளி ஆட்டுக்கறியைத் தொடக் கூடாதா? வெள்ளாட்டுக்கும் குறும்பாட்டுக்கும் இதில் வித்தியாசம் உண்டா? கோழிக்கு? ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பும் கோயில் கிடா விருந்தும் பழகிப்போன ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கத்து வீடுகளுக்கு இவற்றின் விடை தெரிந்தாக வேண்டும்.

செய்திக்குப் பின்னால், நியூ5ஜிசி என்னும் சர்க்கரையைப் பற்றிய கால் நூற்றாண்டுக்கும் மேலான ஆய்வு இருக்கிறது. அதில் உறுதியானது எது, இன்னும் ஊகமாக நிற்பது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் சமையலறையில் எதை மாற்றுவது என்று முடிவெடுக்க முடியும்.

இனிக்காத சர்க்கரை

வேதியியலில் சர்க்கரை என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். வெல்லத்தில் இருப்பதும் பாலில் இருப்பதும் அந்தக் குடும்பத்து ஆட்கள்தான். அதே குடும்பத்தில் ஒன்பது கார்பன் அணுக்கள் கொண்ட சியாலிக் அமிலங்கள் என்றொரு பிரிவு உண்டு. 1936இல் குன்னார் பிலிக்ஸ் என்பவர் மாட்டின் உமிழ்நீர்ச் சுரப்பியின் கோழைப் பொருளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். உமிழ்நீருக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரும் வந்தது.

நம் உடலின் ஒவ்வொரு செல்லின் மேலும் புரதங்களும் கொழுப்புகளும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின்மீது சர்க்கரைச் சங்கிலிகள் கிளைவிட்டிருக்கும். சோளத்தட்டின் நுனியில் கதிர் நிற்பதுபோல் அந்தச் சங்கிலிகளின் நுனியில் சியாலிக் அமிலம் நிற்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமியோ நோய் எதிர்ப்புச் செல்லோ முதலில் தொடுவது இதைத்தான். எனவே “இது நம்ம ஆள்” என்று அடையாளம் காட்டும் வேலையில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

பாலூட்டிகளில் இரண்டு வகை முக்கியமானவை.

1. நியூ5ஏசி. மனிதர் உட்பட எல்லாப் பாலூட்டிகளின் உடலிலும் இருப்பது.
2. நியூ5ஜிசி. முழுப்பெயர் என்-கிளைகோலைல் நியூராமினிக் அமிலம். ஆடு, மாடு, பன்றி, குதிரை, எலி, சிம்பன்சி ஆகியவற்றில் உண்டு. மனித உடலால் இதைத் தயாரிக்க முடியாது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஓர் ஆக்சிஜன் அணு. மற்றபடி அச்சு அசல் ஒன்று.

சர்க்கரை நோயாளிகளின் கேள்விக்கு இங்கேயே விடை சொல்லிவிடலாம். ஒரு வேளைக்கான கறியில் இது மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும். உடல் இதைக் குளுக்கோஸ்போல எரிப்பதும் இல்லை. ரத்தச் சர்க்கரையை ஏற்றுவது கறிக்குழம்போடு சேர்ந்த சோறும் பரோட்டாவும்தான்.

மனிதரிடம் மட்டும் ஏன் இல்லை?

நியூ5ஏசியில் அந்த ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து நியூ5ஜிசியாக மாற்றும் நொதியின் பெயர் சிமா. அதற்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் ஒடிந்துபோய்க் கிடக்கிறது. நடுவே 92 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு விடுபட்டுவிட்டதால் நொதி உருவாவதே இல்லை. 1998இல் இது வெளியானபோது, மனிதருக்கும் சிம்பன்சிக்கும் இடையே தெளிவாகக் காட்டப்பட்ட முதல் சில மரபணு வேறுபாடுகளில் ஒன்றாக இருந்தது. இந்தத் துறையை முன்னின்று வளர்த்தவர் அமெரிக்காவின் சான் டியேகோவில் பணியாற்றும் அஜித் வர்க்கி. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர்.

அந்த உடைப்பு இருபது முதல் முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் நேர்ந்திருக்கலாம் என்பது மரபணுக் கணக்கு. சிம்பன்சிகளைத் தாக்கும் ஒருவகை மலேரியாக் கிருமி நியூ5ஜிசியைப் பிடித்துக்கொண்டே ரத்தச் செல்லுக்குள் நுழைகிறது. அதை இழந்ததால் நம் முன்னோர் அந்தக் கிருமியிடமிருந்து தப்பித்திருக்கலாம் என்பது ஒரு கருத்து.

பறவைகளிடம் இந்த நொதி கிடையாது. அதனால் கோழி, வாத்து, காடை, வான்கோழி எதிலும் நியூ5ஜிசி உருவாவதில்லை. செடிகொடிகள் சியாலிக் அமிலத்தையே தயாரிப்பதில்லை.

தட்டிலிருந்து செல்லுக்கு

நாமாகத் தயாரிக்காத ஒரு பொருள் நம் உடலில் எப்படி வந்தது? மனிதப் புற்றுக் கட்டிகளிலும், குறைந்த அளவில் ரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் குடல் உட்சுவரிலும் நியூ5ஜிசி இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2003இல் வெளியான ஆய்வுக்காகச் சிலர் பிரித்தெடுத்த நியூ5ஜிசியைக் கரைத்துக் குடித்துப் பார்த்தார்கள். பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறியது. ஒரு சிறு பகுதி உமிழ்நீரிலும் முடியிலும் வந்து சேர்ந்தது. ஆக, உணவே வழி.

அது போகும் பாதை இப்படி:

1. கறியில் நியூ5ஜிசி பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை. புரதத்தோடும் கொழுப்போடும் சங்கிலியாகப் பிணைந்திருக்கிறது.
2. குடலுக்குள் சில பாக்டீரியாக்கள் சியாலிடேஸ் என்னும் நொதியால் அதைக் கத்தரிக்கின்றன. கறி உணவுக்கு ஏற்பப் பெருகும் சில பாக்டீரியாக்களின் நொதிகள் நியூ5ஜிசியைத்தான் விரும்பி வெட்டுகின்றன என்று 2019இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.
3. கத்தரிக்கப்பட்டுத் தனியானது ரத்தத்தில் விரைவாகக் கலந்து அதே வேகத்தில் சிறுநீரில் போய்விடுகிறது. புரதத்தோடு பிணைந்தே இருப்பதுதான் உடலில் தங்குவதற்கு அதிக வாய்ப்புள்ளது.
4. செல் அந்தப் புரதத்தைத் திரவத்தோடு சேர்த்து விழுங்குகிறது. உள்ளே லைசோசோம் என்னும் செரிமானப் பையில் நியூ5ஜிசி பிரிகிறது. சியாலின் என்னும் கடத்திப் புரதம் அதை வெளியே எடுத்துவிடுகிறது.
5. ஓர் ஆக்சிஜன் வித்தியாசத்தைச் செல்லின் சங்கிலி கட்டும் நொதிகள் கண்டுகொள்வதில்லை. நியூ5ஏசி நிற்க வேண்டிய இடத்தில் இதையும் நட்டுவிடுகின்றன.

கட்டும் நொதிகள் ஏமாந்த அந்த ஆக்சிஜனில் நோய் எதிர்ப்பு மண்டலம் ஏமாறுவதில்லை.

எதிர்ப்பொருள் எங்கிருந்து வந்தது?

இதுவரை சோதிக்கப்பட்ட பெரியவர்கள் அனைவரின் ரத்தத்திலும் நியூ5ஜிசிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள், அதாவது அயல் பொருளைத் தாக்க உடல் தயாரிக்கும் புரதங்கள், இருக்கின்றன, அளவுதான் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறுகிறது. இவை குழந்தையின் முதல் வயதிலேயே தோன்றத் தொடங்குகின்றன. தாய்ப்பாலுக்கு அப்பால் மாட்டுப்பால் சார்ந்த உணவு தொடங்கும் பருவம் அது. தொண்டையில் குடியிருக்கும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சே என்னும் பாக்டீரியா, உணவிலிருந்து வரும் நியூ5ஜிசியை எடுத்துத் தன் மேல் போர்த்திக்கொள்ளக்கூடியது. கிருமியை எதிர்க்கும் உடல் அந்தப் போர்வையையும் சேர்த்து எதிரியாகக் குறித்துக்கொள்கிறது. 2010இல் வெளியான ஆய்வின் விளக்கம் இது.

இந்த எதிர்ப்பொருள்கள் மருத்துவத்துக்குப் புதியவை அல்ல. குதிரைச் சீரம் ஊசியாகப் போடப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தில் இவற்றை 1920களிலேயே கண்டு, கண்டவர்களின் பெயரால் ஹங்கனுட்ஸியு-டைக்கர் எதிர்ப்பொருள் என்று அழைத்தார்கள். அவை குறிபார்ப்பது நியூ5ஜிசியை என்பது பிற்பாடு தெரிந்தது.

கரும்புக் காட்டிலும் மஞ்சள் காட்டிலும் பாம்புக்கடி நேரும் நம் பக்கத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும் சங்கதி. இந்தியாவில் தரப்படும் நச்சுமுறி மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராகிறது. மருந்து ஏற்றிய ஒன்றிரண்டு வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், மூட்டுவலி, தோலில் தடிப்பு வருவதைச் சீரம் நோய் என்பார்கள். குதிரைப் புரதத்துக்கு எதிரான பொதுவான எதிர்வினை அது. நியூ5ஜிசி எதிர்ப்பொருள்களும் அதில் பங்கேற்கின்றன. அப்படி வந்தால் மருத்துவரிடம் சொன்னால் போதும், மருந்து இருக்கிறது. இதற்குப் பயந்து நச்சுமுறி மருந்தை மறுப்பது உயிரை விடுவதற்குச் சமம்.

உள்ளூர நடக்கும் சண்டை

செல்லின் மேல் அயல் சர்க்கரை, ரத்தத்தில் அதற்கெதிரான ஆயுதம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மெலிதான, ஓயாத அழற்சி உண்டாகும் என்பதுதான் இந்தத் துறையின் மையக் கருதுகோள். நீடித்த அழற்சி புற்றுநோயையும் ரத்தக் குழாய் அடைப்பையும் வளர்க்கும் என்பது வேறு பல ஆய்வுகளால் அறிந்த ஒன்று. கருதுகோளுக்கு இதுவரை கிடைத்திருக்கும் சான்றுகளின் எடை ஒரேபோல் இல்லை.

எலிச் சான்று வலுவானது. சாதாரண எலிக்குச் சொந்தமாகவே நியூ5ஜிசி உண்டு என்பதால், சிமா மரபணுவை நீக்கிய, மனிதரைப் போன்ற எலிகளை உருவாக்கினார்கள். அவற்றுக்கு நியூ5ஜிசி கலந்த தீவனம் கொடுத்து எதிர்ப்பொருளும் உண்டாகச் செய்தபோது உடலெங்கும் அழற்சி தென்பட்டது. நாளடைவில் ஈரல் புற்றுக் கட்டிகள் ஐந்து மடங்கு அதிகமாயின. இந்த முடிவு வெளியானது 2015 தொடக்கத்தில். 2019இல் வந்த இன்னோர் ஆய்வில் இதே வகை எலிகளுக்கு ரத்தக் குழாயில் கொழுப்புப் படிவது கூடியது. தீவனத்தில் நியூ5ஜிசி இல்லாமலேயே மரபணு இழப்பு மட்டும் அதை ஏறத்தாழ இரு மடங்காக்கியது. நியூ5ஜிசியும் எதிர்ப்பொருளும் சேர்ந்தபோது இன்னும் கூடியது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனிதரில் சிவப்பு இறைச்சியோடு தொடர்புபடுத்தப்படுவது பெருங்குடல் புற்றுநோய். எலிகளுக்கு வந்ததோ ஈரலில். எலி முடிவை அப்படியே மனிதருக்குத் தூக்கி வைக்க இயலாது.

மனிதச் சான்று இன்னும் சுற்றுவழியாகத்தான் நிற்கிறது. பிரான்சில் பெருந்திரளானோரின் உணவுப் பழக்கத்தைப் பின்தொடரும் நியூட்ரிநெட்-சான்டே ஆய்விலிருந்து 2020இல் ஒரு முடிவு வந்தது. சிவப்பு இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வழியாக நியூ5ஜிசி அதிகம் உண்டவர்களிடம் எதிர்ப்பொருளும் கூடுதலாக இருந்தது என்பது அது. எதிர்ப்பொருள் மிகுந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதாக 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனால் “நியூ5ஜிசி உண்டதால் இவருக்குப் புற்றுநோய் வந்தது” என்று காட்டும் நேரடிச் சான்று மனிதரில் இல்லை.

கருதுகோளுக்கு எதிராகவும் ஒரு வலுவான கேள்வி உண்டு. மாட்டுப்பாலிலும் கொஞ்சம் நியூ5ஜிசி இருக்கிறது. ஆட்டுப்பாலில் அதன் பங்கு இன்னும் அதிகம். அப்படியானால் பால் குடிப்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் கூட வேண்டும். உலகளாவிய ஆய்வுத் தொகுப்புகள் காட்டுவதோ இதற்கு மாறாக: பால் பொருட்கள் அந்தப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கின்றன, அனேகமாகக் கால்சியத்தால். ஒரே ஒரு மூலக்கூற்றை வைத்து ஒரு முழு உணவுக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மோரையும் தயிரையும் யாரும் இதற்காக விட வேண்டியதில்லை.

அப்படியானால் சிவப்பு இறைச்சி பற்றிய எச்சரிக்கை?

அது நியூ5ஜிசியை நம்பி நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியை “புற்றுநோய் உண்டாக்குவது உறுதி” என்னும் முதல் பிரிவிலும், சிவப்பு இறைச்சியை “உண்டாக்கக்கூடும்” என்னும் 2ஏ பிரிவிலும் வைத்தது. மனிதரிடம் கண்ட புள்ளிவிவரமே அதற்கு முதன்மை ஆதாரம். காரணங்களாகச் சொல்லப்படுபவை பல: கறிக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் இரும்பு, பதப்படுத்தும்போதும் குடலிலும் உண்டாகும் நைட்ரோசோ சேர்மங்கள், கருகும்போது உருவாகும் நச்சுகள். நியூ5ஜிசி அந்த வரிசையில் இன்னொன்று.

இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைக்கலாம். நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது. நாள்தோறும் 100 கிராம் சிவப்பு இறைச்சிக்கு 17 சதவீதம், அதுவும் தொடர்பு மெய்யானதாக இருந்தால். இந்தச் சதவீதத்தைத்தான் பலர் தவறாகப் படிக்கிறார்கள். நூறு பேரில் பதினெட்டுப் பேருக்கு வரும் என்பது பொருளல்ல. ஓர் ஊரில் ஆயிரம் பேரில் 10 பேருக்கு அந்த நோய் வரக்கூடும் என்று வைத்துக்கொண்டால், எல்லோரும் தினமும் அவ்வளவு உண்ணும்போது அது ஏறத்தாழ 12 ஆகும். கணக்கில் “நாள்தோறும்” என்ற சொல்லுக்கு எடை அதிகம்.

கொங்கு வீட்டுத் தட்டில் எது எங்கே நிற்கிறது?

*வெள்ளாடு, குறும்பாடு.* இரண்டும் சிவப்பு இறைச்சியே, இரண்டிலும் நியூ5ஜிசி உண்டு. பெயரில் வெள்ளை இருப்பதாலோ கொழுப்பு குறைவு என்பதாலோ வெள்ளாட்டுக்கறி வேறு கணக்கில் சேராது. மேச்சேரி ஆடு, மேய்ச்சல் ஆடு, கொட்டில் ஆடு என்ற பாகுபாடும் இதில் செல்லாது, ஏனெனில் ஆட்டின் உடலே இதைத் தயாரிக்கிறது, தீவனத்திலிருந்து வருவதில்லை. கொழுப்பை வெட்டி எறிந்தால் கொழுப்பு குறையும், அந்த வகையில் இதயத்துக்கு நல்லது. நியூ5ஜிசி தசையின் செல்களிலேயே இருப்பதால் அது தட்டை விட்டுப் போகாது. வேகவைப்பதும் அதை ஒழித்துவிடுவதில்லை.

*மாடு, எருமை, பன்றி.* இவையும் அதே கணக்கு. மாட்டிறைச்சியில் அளவு பொதுவாகக் கூடுதல்.

*குடல், ஈரல், நுரையீரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல்.* உள்ளுறுப்புகளில், குறிப்பாக மண்ணீரலான சுவரொட்டியிலும் நுரையீரலிலும், தசைக்கறியைவிடக் கூடுதலாக இருக்கும். ஆட்டு ரத்தச் சிவப்பணுக்களின் மேலும் இது உண்டு.

*கோழி, காடை, முட்டை.* நியூ5ஜிசி இல்லை. நாட்டுக்கோழிக் கறி கறுத்துச் சிவந்திருப்பதால் சிவப்பு இறைச்சி என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் பறவைதான். பல்லடம் பக்கத்துப் பண்ணைக் கறிக்கோழிக்கும் நாமக்கல் முட்டைக்கும் இதுவே பொருந்தும்.

*மீன்.* சதையில் இல்லை அல்லது மிகச் சொற்பம். சில மீன்களின் சினையில் மட்டும் நிறைய உண்டு.

*கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு.* அறவே கிடையாது. 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது.

*உப்புக்கண்டம்.* இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதப்படுத்திய இறைச்சி என்றதும் குளிர்பெட்டிச் சாசேஜும் சலாமியும்தான் நினைவுக்கு வருகின்றன. மேலே சொன்ன புற்றுநோய் ஆய்வு முகமையின் வரையறையோ உப்பிடுதல், நொதிக்கவைத்தல், புகையூட்டல் முதலிய முறைகளால் கெடாமல் வைக்கப்பட்ட எல்லா இறைச்சியையும் சேர்க்கிறது. ஆட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் காயவைக்கும் நம் உப்புக்கண்டமும் அதில் அடங்கும். எப்போதாவது பொரித்துத் தொட்டுக்கொள்வது வேறு, தினப்படிக் கூட்டாக வைத்துக்கொள்வது வேறு. எதிர்த்திசையில் இன்னொரு தவறும் நடக்கிறது: கோழிச் சாசேஜில் நியூ5ஜிசி இல்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று எண்ணுவது. பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட் அதில் இருக்கவே செய்கிறது.

எவ்வளவு உண்ணலாம்?

உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் பரிந்துரை: சிவப்பு இறைச்சி வாரத்துக்கு மூன்று வேளைக்கு மிகாமல், வெந்த எடையில் 350 முதல் 500 கிராம் வரை. 500 கிராம் வெந்த கறி என்பது 700 முதல் 750 கிராம் எலும்பில்லாத பச்சைக் கறி.

கடைக் கணக்குக்கு மாற்றிப் பார்ப்போம். நாலு பேர் உள்ள வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எலும்போடு ஒரு கிலோ எடுக்கிறார்கள். எலும்பு போக 700 கிராம் என்று வைத்துக்கொண்டால், வெந்தபின் ஏறத்தாழ 500. ஆளுக்கு 125 கிராம். வாரம் ஒருமுறை இவ்வளவு என்றால் வரம்பில் பாதிகூட இல்லை. இந்த வீட்டார் ஞாயிற்றுக்கிழமைக் கறியை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் நிலை. வரம்பு தாண்டுவது வேறிடத்தில்: காலையில் ஆட்டுக்கால் சூப்பு, மதியம் மட்டன் பிரியாணி, இரவு கொத்துக்கறி என்று கடைச் சாப்பாட்டிலேயே வாரம் முழுவதும் ஓட்டுகிறவர்கள், வீட்டில் எடுக்கும் கிலோவை மட்டும் கணக்கில் வைக்கிறார்கள். அவர்கள் வாரத்தில் இரண்டு வேளையைக் கோழிக்கோ முட்டைக்கோ கொள்ளுப் பருப்புக்கோ மாற்றினாலே நியூ5ஜிசியும் ஹீம் இரும்பும் சேர்ந்து குறையும். கருக வாட்டுவதையும் குறைப்பது நல்லது.

ஆல்ஃபா-கேல் வேறு

இன்னொரு மூலக்கூறும் இதே செய்திகளில் அடிபடுகிறது. ஆல்ஃபா-கேல் என்பது மனிதர், வாலில்லாக் குரங்குகள், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகள் ஆகியோரிடம் இல்லாத, மற்றப் பாலூட்டிகளிடம் உள்ள சர்க்கரை. சில வகை உண்ணிகள் கடித்தவர்களுக்கு அதற்கு ஒவ்வாமை உண்டாகி, சிவப்பு இறைச்சி உண்ட மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் தடிப்பும் மூச்சுத்திணறலும் வரலாம். அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஒவ்வாமை. நியூ5ஜிசி அப்படி எந்த உடனடித் தொல்லையும் தருவதில்லை. உறுப்பு மாற்றுக்காகப் பன்றிகளின் மரபணுவைத் திருத்தும்போது இரண்டையும் சேர்த்தே நீக்குகிறார்கள். அதனால்தான் பன்றிச் சிறுநீரகச் செய்திகளில் இரு பெயர்களும் ஒன்றாக வருகின்றன.

சுவரொட்டியை என்ன செய்வது?

ரத்தம் குறைந்த பெண்களுக்கும் வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கும் சுவரொட்டி வாங்கிச் சுட்டோ வதக்கியோ கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அதில் காரணம் இருக்கிறது: மண்ணீரலில் இரும்பு மிகுதி, அதில் ஒரு பகுதி எளிதில் உடலில் சேரும் ஹீம் இரும்பு. நியூ5ஜிசியும் அதிகம் என்பதும் உண்மை. ஓர் ஆட்டுக்கு ஒரே ஒரு சுவரொட்டிதான், அதுவும் சிறியது. வாரம் ஒருமுறை கொடுப்பதால் கிடைக்கும் இரும்பின் பயன், நிரூபணமாகாத ஓர் அபாயத்தைவிடப் பெரியது. ஆனால் ஹீமோகுளோபின் மிகவும் குறைந்தவர்களுக்கு அது மட்டும் போதாது. குடற்புழுவா, அதிக மாதவிடாய்ப் போக்கா என்று காரணம் பார்க்க வேண்டும். 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு அரசுத் திட்டத்தில் வாரம் ஒன்று தரும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. சுவரொட்டி கொடுக்கும் வீட்டிலும் அந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது.